அப்பா கேட்டதைத்தான் சட்டமும் கேட்கிறது: ஒரு பேஸ்பால் உதவிப் பயிற்சியாளருக்குப் பதில்

வாசகர் கடிதம் (சுருக்கம், அடையாளங்கள் நீக்கப்பட்டுள்ளன)

எழுதியவர் 25 வயது இளைஞர், அமெரிக்காவில் வளர்ந்தவர். கல்லூரி விளையாட்டின் மூன்றாம் அடுக்கான டிவிஷன்-3இல் உள்ள ஒரு சிறிய கல்லூரியில் நான்கு ஆண்டுகள் ஷார்ட்ஸ்டாப் என்ற உள்களத் தடுப்பாளராக பேஸ்பால் ஆடியிருக்கிறார், புள்ளியியல் பட்டதாரி. 2024 ஆகஸ்டிலிருந்து ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் டிவிஷன்-1 (முதல் அடுக்கு) அணியில் மூன்றாவது உதவிப் பயிற்சியாளராக இருக்கிறார். நியமனக் கடிதத்தில் ‘பகுதிநேரம்’ என்று போட்டிருக்கிறது. பத்து மாதத்துக்கு 9,000 டாலர். வேலையோ வாரத்துக்கு 55 மணி நேரத்துக்குக் குறைவதில்லை. காலையில் மைதானத்தைச் சமன் செய்கிறார், கேமரா பொருத்துகிறார். பிறகு வீடியோக்களை வெட்டித் தொகுக்கிறார், உயர்நிலைப் பள்ளி வீரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார், வெளியூர் ஆட்டங்களுக்குச் சாப்பாடும் வண்டியும் ஏற்பாடு செய்கிறார். மாலையில் இன்ஃபீல்டர்களுக்கு (உள்களத் தடுப்பாளர்களுக்கு) ஒன்றரை மணி நேரம் பயிற்சி தருகிறார்.

“அடுத்த ஆண்டு உன்னை வீரர் சேர்ப்பு ஒருங்கிணைப்பாளர் ஆக்குகிறேன், முழுச் சம்பளம் வாங்கித் தருகிறேன்” என்று தலைமைப் பயிற்சியாளர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். அவர் வேறு பல்கலைக்கழகம் போனால் தன்னையும் அழைத்துப் போவார் என்று இவர் நம்புகிறார். இதற்கிடையில் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கின் நிறுவனம் ஒன்று, இளம் வீரர்களை வளர்க்கும் மைனர் லீக்கின் கீழ்ப்படியில் உள்ள தன் சிங்கிள்-ஏ அணியில் ‘மேம்பாட்டுப் பயிற்சியாளர்’ வேலைக்கு இவரை அழைத்திருக்கிறது. ஓராண்டு ஒப்பந்தம், 38,000 டாலர். கல்லூரிப் பருவம் பிப்ரவரியில் தொடங்குகிறது. அதற்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே போனால் கல்லூரிக்குத் திரும்ப முடியாதோ என்ற பயமும் இருக்கிறது.

கேள்விகள் நான்கு. சம்பளமில்லாத ‘தன்னார்வ’ப் பயிற்சியாளர் விதி 2023இல் மாறிய பிறகு பல்கலைக்கழகம் தனக்கு முழுச் சம்பளம் தரவேண்டியது கட்டாயமல்லவா? தன்னார்வப் பயிற்சியாளர்கள் போட்ட வழக்கின் இழப்பீட்டில் தனக்குப் பங்கு உண்டா? தொழில்முறை பேஸ்பால் ஆடாத ஒருவர் மேலே வர முடியுமா? ஐந்தாறு ஆண்டுகளில் தலைமைப் பயிற்சியாளர் ஆகிவிடலாம் என்று போட்டிருக்கும் கணக்கு சரியா? கடைசி வரியில் ஒரு வருத்தமும் இருக்கிறது: “உதவிப் பயிற்சியாளர் என்றால் எடுபிடிதானே என்கிறார் அப்பா. புள்ளியியல் வேலைக்குப் போகச் சொல்கிறார்.”

பதில்

அன்புள்ள தம்பி,

அப்பாவின் கேள்வி உங்களைப் புண்படுத்தியிருக்கிறது. ஆனால் ஒரு பணிச்சட்ட வழக்கறிஞராக உங்கள் கடிதத்தைப் படித்தால், நான் முதலில் கேட்கவேண்டிய கேள்வியும் அதேதான். நாள் முழுவதும் உங்கள் கையில் இருப்பது என்ன வேலை? உங்கள் ஊதிய உரிமை அந்தப் பதிலைப் பொறுத்திருக்கிறது. உங்கள் எதிர்காலமும் ஏறத்தாழ அதைத்தான் பொறுத்திருக்கிறது.

தடை நீங்கியது, கட்டாயம் வரவில்லை

டிவிஷன்-1 பேஸ்பாலில் நெடுங்காலம் இருந்த வரம்பு இது: ஒரு தலைமைப் பயிற்சியாளர், சம்பளம் பெறும் உதவியாளர் இருவர், அதற்கு மேல் ‘தன்னார்வ’ பயிற்சியாளர் ஒருவர். அந்த நான்காவது ஆளுக்குச் சம்பளம் தரப் பல்கலைக்கழகமே விரும்பினாலும், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்சிஏஏவின் விதி தடுத்தது. கோடைப் பயிற்சி முகாம்களிலும் தனி வகுப்புகளிலும் வருவதை வைத்து அவர்கள் காலம் தள்ளினார்கள். 2022 இறுதியில் அப்படிப்பட்ட பயிற்சியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஒன்றோடொன்று போட்டியிட வேண்டிய கல்லூரிகள் கூடிப் பேசி ஒரு வேலையின் விலையைப் பூஜ்யம் என்று நிர்ணயிப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்பது அவர்கள் வாதம். 2023 ஜனவரியில் என்சிஏஏ அந்தப் பிரிவை நீக்க முடிவெடுத்தது. 2023 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இன்றைய உங்கள் மூன்றாவது உதவியாளர் பதவி அந்த நான்காவது ஆளின் இடம்தான். பேஸ்பால் பயிற்சியாளர்களின் வழக்கு பின்னர் 4 கோடியே 92.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது.

என்சிஏஏ இப்படிச் சூடுபட்டது முதல் முறையல்ல. 1992இல் ‘வரையறுத்த வருமானப் பயிற்சியாளர்’ என்று ஒரு பிரிவை உருவாக்கி, ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் தரக்கூடாது என்றார்கள். கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் நீதிமன்றம் போனார்கள்; பேஸ்பால் உள்ளிட்ட மற்ற விளையாட்டுப் பயிற்சியாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1999இல் 5 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்து அதை முடித்தார்கள். அத்தனை பணத்தை இழந்த பிறகும் ‘தன்னார்வ’ விதியை 2023 வரை விடாமல் வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இனி உங்கள் விஷயம். விதி மாற்றம், சம்பளம் தரக்கூடாது என்ற தடையை எடுத்தது. இவ்வளவு தரவேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. மூன்றாவது உதவியாளருக்கு நல்ல சம்பளம் தரும் அணிகளும் இருக்கின்றன, ஒப்புக்கு ஒரு தொகை தரும் அணிகளும் இருக்கின்றன. இரண்டும் என்சிஏஏ விதிக்கு உட்பட்டவையே. சமரசத் தொகை, விதி நீங்குவதற்கு முன்பு சம்பளமின்றி உழைத்தவர்களுக்கானது. நீங்கள் 2024இல் சேர்ந்தவர். அதில் உங்களுக்குப் பங்கு இல்லை.

பல்கலைக்கழக நிதியும் இப்போது இறுக்கமாக இருக்கிறது. கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்தை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றது; அதன்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26 கல்வியாண்டில் தன் வீரர்களுக்கு நேரடியாக 2.05 கோடி டாலர் வரை கொடுக்க அனுமதி வந்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. பேஸ்பாலின் மூன்றாவது உதவியாளருக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள். “அடுத்த ஆண்டு முழுச் சம்பளம்” என்ற வாக்கை எடைபோடும்போது இதையும் தட்டில் வையுங்கள்.

அப்படியானால் உங்களுக்கு உரிமையே இல்லையா?

இருக்கிறது, அது வேறு சட்டத்தில் இருக்கிறது. கூட்டாட்சி ஊதியச் சட்டப்படி, கல்வி நிறுவனத்தில் கற்பிப்பதை முதன்மைப் பணியாகக் கொண்டவருக்குக் குறைந்தபட்ச ஊதியமும் மிகைநேர ஊதியமும் தரவேண்டியதில்லை. ஆட்டத்தைக் கற்றுத்தரும் பயிற்சியாளரும் இந்த ஆசிரியர் விலக்குக்குள் வருவார். பல்கலைக்கழகங்கள் உதவிப் பயிற்சியாளரை மணிக்கணக்குப் பார்க்காமல் வேலை வாங்க முடிவது இந்த விலக்கால்தான். ஆனால் தொழிலாளர் துறையே தன் விளக்கத்தில் ஓர் எல்லை போட்டிருக்கிறது: மாணவர்களை அணிக்குச் சேர்ப்பதும், அதற்காகப் பள்ளிகளுக்கும் முகாம்களுக்கும் போய் மாணவர்களைச் சந்திப்பதும் முதன்மை வேலையாக இருந்தால், அவரை ஆசிரியர் என்று கொள்ள முடியாது.

உங்கள் பட்டியலை மறுபடி பாருங்கள். மைதானம், கேமரா, மின்னஞ்சல், சாப்பாடு, வண்டி. கற்பிப்பது நாளுக்கு ஒன்றரை மணி நேரம். சட்டம் நேரத்தை மட்டும் அளப்பதில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்ட நேரம் எதில் போகிறது என்பது நல்ல வழிகாட்டி. பத்து மாதத்தை 43 வாரம் என்றும் வாரத்தை 55 மணி என்றும் கொண்டால், உங்கள் 9,000 டாலர் மணிக்கு நான்கு டாலர்கூட ஆகவில்லை. கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 7.25 டாலர், பல மாநிலங்களில் அதைவிட அதிகம். அப்பா ‘எடுபிடி’ என்றது கடுமையான சொல்தான், ஆனால் அந்தச் சொல் குறிக்கும் நிலைமை நிரூபணமானால் சட்டம் உங்கள் பக்கம் வரும்.

இதைப் படித்துவிட்டு உடனே வழக்கு என்று கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் வேலை பார்ப்பது மாநிலப் பல்கலைக்கழகம். மாநிலம் சம்மதிக்காமல், இந்தச் சட்டத்தின்கீழ் தனிநபர் ஒருவர் மாநிலத்தின் மீது இழப்பீட்டு வழக்குப் போடுவதை இறையாண்மை விலக்கு தடுக்கிறது. 1999இல் ஆல்டன் எதிர் மெய்ன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. தொழிலாளர் துறையிடம் முறையிடும் வழி உண்டு, மாநிலச் சட்டம் சில இடங்களில் வேறு கதவைத் திறக்கும். காலக்கெடு பொதுவாக இரண்டு ஆண்டு. வேண்டுமென்றே செய்த மீறல் என்றால் மூன்று. புகார் செய்ததற்காகப் பழிவாங்குவது சட்டவிரோதம். ஆனால் கல்லூரி பேஸ்பால் எல்லாரும் எல்லாரையும் அறிந்த சின்ன உலகம் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. இன்றைக்கு நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று இன்றிலிருந்தே குறித்து வையுங்கள். உங்கள் சொந்த நோட்டில் எழுதுங்கள். பல்கலைக்கழகக் கணினியில் வேண்டாம்.

உதவிப் பயிற்சியாளர் என்பது ஒரே வேலை அல்ல

உங்கள் ஐந்தாறு ஆண்டுக் கணக்கின் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: உதவியாளர் என்பவர் தலைமைப் பதவிக்குக் காத்திருப்பவர் என்று. பேஸ்பாலில் அது பாதி உண்மை.

மேஜர் லீக்கில் தலைவருக்கு மேனேஜர் என்று பெயர். அவருக்குக் கீழே பிட்சிங் (பந்துவீச்சு), பேட்டிங், முதல் பேஸ், மூன்றாம் பேஸ் (பேஸ் என்பது ஓடுபவர் தொட்டு நிற்கும் முனை), புல்பென் (மாற்றுப் பந்துவீச்சாளர்கள்), கேட்ச்சிங் என்று தனித்தனிப் பயிற்சியாளர்கள். பக்கத்தில் அமர்ந்து அடுத்த இரண்டு இன்னிங்ஸை யோசிக்கும் பெஞ்ச் கோச். ஒவ்வொன்றும் தனித் தொழில் என்றே சொல்லலாம். மூன்றாம் பேஸ் பயிற்சியாளரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பேஸிலிருந்து வீரர் ஓடி வருகிறார், பந்து வெளிக்களமான அவுட்ஃபீல்டில் உருள்கிறது. ஓடுபவருக்குப் பந்து முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவர் பார்ப்பது பயிற்சியாளரின் கையை மட்டும். கையைச் சுழற்றினால் ஓட்டம் கணக்காகும் முனையான ஹோம் பிளேட்டுக்கு ஓட வேண்டும், இரு உள்ளங்கையையும் தூக்கினால் நிற்க வேண்டும். அந்த அவுட்ஃபீல்டரின் தோள் எப்படி, பந்தைப் பிடிக்கும்போது அவர் முன்னே வருகிறாரா பக்கவாட்டில் நகர்கிறாரா, எத்தனை அவுட், அடுத்து பேட்டைத் தூக்குபவர் யார்? இவ்வளவையும் ஆட்டத்துக்கு முன்பே மனத்தில் ஏற்றி வைத்திருப்பவருக்குத்தான் அந்த இரண்டு விநாடியில் கை சரியாக எழும். ஓட்டம் வந்தால் ஓடியவருக்குக் கைதட்டல். பிளேட்டில் அவுட் ஆனால் மறுநாள் ஏச்சு பயிற்சியாளருக்கு.

இப்படி ஒரு துறையிலேயே வாழ்ந்து முடித்தவர்கள் உண்டு. லியோ மஸோனி 1990 முதல் 2005 வரை அட்லாண்டா பிரேவ்ஸின் பிட்சிங் பயிற்சியாளர். தொடக்க பிட்சர்கள் இரண்டு ஆட்டங்களுக்கு இடையே ஒரு முறைக்குப் பதிலாக இரண்டு முறை வீசிப் பழக வேண்டும் என்பது அவர் வழக்கம். 1991 முதல் 1998 வரை எட்டு ஆண்டுகளில் அவருடைய பிட்சர்கள் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஆறு முறை வாங்கினார்கள். மேஜர் லீக்கில் அவர் ஒருபோதும் மேனேஜராக இருந்ததில்லை. அதைத் தோல்வி என்று சொல்ல ஆளில்லை.

மறுபக்கம் ரான் வாஷிங்டன். ஓக்லாந்து அணியில் 11 ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்து, 54 வயதில் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸின் மேனேஜர் ஆனார். பிறகு பிரேவ்ஸில் மூன்றாம் பேஸ் பயிற்சியாளர், 2024இல் மறுபடி மேனேஜர், ஏஞ்சல்ஸ் அணிக்கு. இந்தப் பதவிகளைவிட அவருடைய அன்றாடப் பயிற்சி எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்ஃபீல்டரை மண்டியிட வைத்து, உள்ளங்கையளவு சின்னக் கையுறையைக் கொடுத்து, மிக அருகிலிருந்து பந்தை மறுபடி மறுபடி அனுப்புவார். கால் வேலை செய்யாத நிலையில் கை மட்டும் என்ன செய்கிறது என்று வீரருக்கே தெரிந்துவிடும். சிறந்த தடுப்பாளருக்கான கோல்டு கிளவ் விருது வாங்கியவர்களும் அவரிடம் நாள் தவறாமல் இதைச் செய்தார்கள். உங்கள் ஒன்றரை மணி நேரம் இந்த மாதிரி வேலை. அதைக் கணக்கில் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

கல்லூரியில் ஆட்கள் குறைவு என்பதால் ஒருவரே இரண்டு மூன்று பொறுப்பைச் சுமப்பார். பல அணிகளில் மூன்றாம் பேஸில் தலைமைப் பயிற்சியாளரே நிற்பார். ஒவ்வொரு பந்தையும் எப்படி வீசுவது என்று அணி அமரும் டக்அவுட்டிலிருந்து பிட்சிங் பயிற்சியாளர் சொல்வார். ஆனால் தலைமைப் பதவிக்கு ஆள் தேடும் தடகளத் துறை இயக்குநர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது, யார் நல்ல வீரர்களைக் கொண்டு வந்தார் என்பதை. அதனால் வீரர் சேர்ப்பு ஒருங்கிணைப்பாளர் பதவி உண்மையிலேயே நல்ல பதவி. உங்கள் தலைமைப் பயிற்சியாளர் காட்டுவது வெறும் மிட்டாய் அல்ல. டோனி விட்டெல்லோ இதற்குச் சான்று: மிசௌரி, டெக்ஸஸ் கிறிஸ்டியன் (டிசியூ), ஆர்கன்சா பல்கலைக்கழகங்கள் என்று சுமார் 15 ஆண்டுகள் உதவியாளர், வீரர்களைச் சேர்ப்பதில் பேர் வாங்கியவர். 2017இல்தான் டென்னஸி பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2024இல் தேசியப் பட்டம். 2025 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவரை மேனேஜராக நியமித்தது. பாட் மர்ஃபியின் பாதை வேறு மாதிரி. கல்லூரியில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், மில்வாக்கியில் எட்டுப் பருவம் பெஞ்ச் கோச், 65ஐ நெருங்கும் வயதில் அங்கேயே மேனேஜர். அந்தப் பதவியில் முதல் பருவமான 2024இலேயே நேஷனல் லீகின் சிறந்த மேனேஜர் விருதும் பெற்றார்.

ஐந்தாறு ஆண்டில் யாரும் தலைமைப் பயிற்சியாளர் ஆகவே முடியாது என்று நான் சொல்லவில்லை. சிறிய கல்லூரிகளில் நடக்கிறது. டிவிஷன்-1இல் அதை எதிர்பார்த்துக் கடன் கணக்கும் கல்யாணக் கணக்கும் போடாதீர்கள்.

தொழில்முறையாக ஆடாதவருக்கு இடம் உண்டா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. மாட் பிளேக் தொழில்முறையாக ஆடாதவர். 2020 பருவம் முதல் நியூயார்க் யாங்கீஸின் பிட்சிங் பயிற்சியாளர். அலிஸா நாக்கன் கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடியவர்; ஜயன்ட்ஸில் பயிலுநராகச் சேர்ந்து 2020இல் மேஜர் லீக்கின் முதல் முழுநேரப் பெண் பயிற்சியாளர் ஆனார். அதிவேகக் கேமராவும் பந்தின் சுழற்சியை அளக்கும் கருவியும் வந்த பிறகு, அந்த எண்களைப் படித்து வீரருக்குப் புரியும் ஒரு வாக்கியமாகச் சொல்லத் தெரிந்தவர்களை அணிகள் தேடுகின்றன. அப்பா மதிக்கும் புள்ளியியல் பட்டமும் நீங்கள் விரும்பும் வேலையும் சந்திக்கும் இடம் அது. உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பும் பெரும்பாலும் அதனால்தான் வந்திருக்கும்.

சிங்கிள்-ஏ அழைப்பின் உள்ளே என்ன இருக்கிறது

மேம்பாட்டுப் பயிற்சியாளர் காலையில் தடுப்புப் பயிற்சிக்கான ஃபங்கோ மட்டையால் பந்தடித்துக் கொடுப்பார், பேட்டிங் பயிற்சிக்குப் பந்து வீசுவார், கருவிகளின் தரவை அலசுவார், பல அணிகளில் மாலை ஆட்டத்தில் முதல் பேஸ் பயிற்சியாளராகவும் நிற்பார். கேமராவும் தரவும் இங்கேயும் இருக்கும். ஆனால் அதை வைத்து வீரருடன் பேசுவதும் உங்கள் வேலையாக இருக்கும். பருவம் 132 ஆட்டம். பொதுவாகச் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு நாளும் ஆட்டம், திங்கள் ஓய்வு. இரண்டு ஆண்டில் கல்லூரியில் கிடைக்கும் களநேரம் இங்கே ஒரே கோடையில் கிடைத்துவிடும். முதல் பேஸில் நிற்கும் பயிற்சியாளர் ஹெல்மெட் அணிவது கட்டாயம். 2007 ஜூலையில் டல்ஸா டிரில்லர்ஸ் அணியின் முதல் பேஸ் பயிற்சியாளர் மைக் கூல்பா கோட்டுக்கு வெளியே பாய்ந்து வந்த பந்து தாக்கி இறந்த பிறகு வந்த விதி அது. காப்பீட்டுப் படிவத்தைக் கவனமாகப் படியுங்கள் என்று சொல்வதற்காக இதை நினைவூட்டுகிறேன்.

அபாயங்களும் உண்டு. மைனர் லீக் வீரர்களுக்கு 2022 முதல் சங்கம் இருக்கிறது, 2023இல் கூட்டு ஒப்பந்தமும் கையெழுத்தானது. பயிற்சியாளர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. வீரர்களுக்கு அணி வீட்டு வசதி தர வேண்டும். அது உங்களுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டு பெட்டி கட்டாதீர்கள், கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 2021இல் மேஜர் லீக்கோடு இணைந்த மைனர் லீக் அணிகள் 120 ஆகச் சுருங்கிவிட்டதால் இந்த வேலைகளின் எண்ணிக்கையும் கம்மி. நிறுவனத்தில் ஆட்களை நியமிக்கும் பொது மேலாளர் (களத்து மேனேஜர் அல்ல) மாறினால் கீழ்வரிசையில் பலர் மாறுவார்கள்.

சட்டத்தில் ஒரு முரணையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஜெயித்தது போட்டிச் சட்டத்தை வைத்து. தொழில்முறை பேஸ்பாலுக்கோ 1922இல் உச்ச நீதிமன்றம் தந்த விலக்கு இன்றும் நிற்கிறது. தங்கள் ஊதியத்தை அணிகள் கூட்டாக அமுக்குகின்றன என்று, புது வீரர்களைத் தேடிக் கண்டறியும் ஸ்கவுட்கள் தொடுத்த வழக்கை, அந்த விலக்கைக் காட்டியே நீதிமன்றங்கள் தள்ளின. ஒப்பந்தக் காலத்தில் வேறு அணி உங்களோடு பேச உங்கள் அணியின் அனுமதி வேண்டும் என்ற நடைமுறையை எதிர்த்து நீங்கள் எங்கும் போக முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு ஒப்பந்தம் என்பது இந்த இடத்தில் உங்களுக்குச் சாதகம்.

ஊதியச் சட்டப்படி பார்த்தால், அணி என்பது கல்வி நிறுவனம் அல்ல; ஆசிரியர் விலக்கு அங்கே இல்லை. மிகைநேர ஊதியம் தராமல் மாதச் சம்பளத்தில் வைக்க வேண்டுமானால் பொதுவாக வாரம் 684 டாலராவது, அதாவது ஆண்டுக்கு 35,568 டாலராவது தரவேண்டும். உங்களுக்குச் சொன்ன 38,000 அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்கள். உங்களுக்கு 26 வயது நிறைந்ததும் பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். பகுதிநேர நியமனத்தில் பல்கலைக்கழகக் காப்பீடு கிடைக்குமா என்று மனிதவளப் பிரிவைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், தனியாக வாங்கும் செலவை 9,000 டாலரிலிருந்து கழித்துப் பாருங்கள். அடுத்தது, கல்விக்கடன் இருந்தால்: மாநிலப் பல்கலைக்கழகத்தில் வாரம் 30 மணி நேரத்துக்குக் குறையாத முழுநேரப் பணி, 120 மாதத் தவணை கட்டியபின் மீதிக் கடனைத் தள்ளும் பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தின் கணக்கில் சேரும். பேஸ்பால் நிறுவனத்தில் சேராது. ஆனால் ‘பகுதிநேரம்’ என்று எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு அங்கேயும் சுலபமாகச் சேர்த்துவிட முடியாது.

வாய்ச்சொல்லும் கையெழுத்தும்

உங்கள் தலைமைப் பயிற்சியாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரில் சம்பளம் உறுதிசெய்யும் அதிகாரம் இல்லை. அது தடகளத் துறை இயக்குநரிடமும் மனிதவளப் பிரிவிடமும் இருக்கிறது. ஜூனில் அவருக்கே வேறு பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தால்? உங்களையும் அழைத்துப் போவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அழைத்துப் போவதும் உண்டு, ஆனால் பெரும்பாலும் முதல் உதவியாளரைத்தான். புதிதாக வருபவர் தன் ஆட்களோடு வருவார். உங்கள் நியமனக் கடிதத்தில் முன்னறிவிப்புக் காலம் எதுவும் இல்லையென்றால், அன்றே வேலை முடிந்துவிடும்.

தலைமைப் பயிற்சியாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். மிரட்டும் தொனி வேண்டாம், நன்றியோடு தொடங்குங்கள். சிங்கிள்-ஏ அழைப்பு வந்திருப்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு மூன்றைக் கேளுங்கள்: வரும் ஜூலை முதல் பதவியும் சம்பளமும் என்ன என்று இயக்குநர் கையெழுத்திட்ட கடிதம், தலைமைப் பயிற்சியாளர் மாறினால் 90 நாள் சம்பளம், இந்தப் பருவத்திலிருந்தே இன்ஃபீல்டுப் பயிற்சியும் ஆட்டத்தில் முதல் பேஸ் பொறுப்பும் உங்களுடையவை என்ற எழுத்து. மைதானப் பராமரிப்பையும் வண்டி ஏற்பாட்டையும் மற்றவர்களோடு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளலாம் என்று நீங்களே யோசனை சொல்லுங்கள்.

அந்தக் கடிதம் கையில் வந்தால் தங்குங்கள். கல்லூரியில் வீரர்களைச் சேர்ப்பவராக வளர்வது, தலைமைப் பதவியை விரும்பும் உங்களுக்கு நேரான வழி. வராவிட்டால் சிங்கிள்-ஏ போங்கள் என்பதே என் ஆலோசனை. இன்றைய நிலவரத்தில் வராது என்றே நினைக்கிறேன். அங்கே போனால் கல்லூரிக் கதவு மூடிவிடும் என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. வெஸ் ஜான்சன் ஆர்கன்சா கல்லூரியிலிருந்து நேராக மினசோட்டா ட்வின்ஸின் பிட்சிங் பயிற்சியாளராகப் போனார். 2022இல் மேஜர் லீக் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே அதை விட்டுவிட்டு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (எல்எஸ்யூ) உதவிப் பயிற்சியாளராகத் திரும்பினார். மறு ஆண்டு அந்த அணி தேசியப் பட்டம் வென்றது, அவர் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். இரு உலகத்துக்கும் இடையே இப்போது போக்குவரத்து அதிகம். பருவம் தொடங்குமுன் விலகுவது தலைமைப் பயிற்சியாளருக்குச் சங்கடம்தான். இரண்டு வாரம் முன்கூட்டிச் சொல்லி, வீடியோத் தொகுப்பையும் தொடர்புப் பட்டியலையும் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு வாருங்கள். அங்கே உருவாக்கிய தரவை நகலெடுத்துக்கொண்டு போகாதீர்கள்; அது பல்கலைக்கழகத்தின் சொத்து.

சிங்கிள்-ஏ ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். எந்தத் தேதியில் முடிகிறது, அதற்குப் பிறகு காப்பீடு எத்தனை நாள் நீடிக்கிறது? ஓய்வுக்காலத்தில் தனி வகுப்பு எடுத்துச் சம்பாதிக்க அனுமதி உண்டா? வசந்தகாலப் பயிற்சிக்கும் பருவத்துக்கும் தங்குமிடச் செலவு யாருடையது? அங்கே 38,000 என்பதைப் பேரம்பேசி அதிகம் உயர்த்த முடியாது, தங்குமிடத்தை வாங்கலாம்.

தலைமைப் பயிற்சியாளருக்கான மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், பதிலுக்குப் பத்து நாள் கொடுங்கள். சிங்கிள்-ஏ அணியிடம் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள், பொதுவாகத் தருவார்கள். ஒப்பந்தப் படிவம் வந்ததும் உங்கள் மாநிலத்தில் பணிச்சட்டம் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அப்பாவையும் கூட அழைத்துப் போங்கள். அவர் கேட்கும் கேள்விகள் உங்களுக்கு உதவும்.